நாய் குறுக்கே வந்ததாம்

ஆகஸ்டு 4, திங்கள்

சளி மஞ்சள். கெட்டி.

இதைத்தான் எழுதச் சொன்னார் ஜெபமணி சிஸ்டர். ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது, "எழுதப் படிக்கத் தெரியுமாக்கா?" என்று கேட்டார். ஆறாம் வகுப்பு வரைக்கும் என்றேன். "போதும். தெனமும் சளி என்ன நெறம்னு எழுதி வைங்க. மஞ்சளா, பச்சையா, வெள்ளையா, ரத்தம் கலந்திருக்கா. மறுபடி வரும்போது டாக்டர் கேப்பாரு" என்றார்.

நான் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீசில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி ஒன்றும் எழுதாமல் கிடந்தது. அதில் எழுதுகிறேன். சளிக்கு இவ்வளவு பெரிய பக்கம் வேண்டாம். மிச்ச இடத்தில் மற்றதை எழுதலாம்.

இவருக்குக் கழுத்தில் ஓட்டை. அதில் ஒரு வெள்ளைக் குழாய். மூச்சு அதன் வழியாகத்தான் போகிறது, வருகிறது. சளியும் அதன் வழியாகத்தான் வருகிறது. இருமினால் எதிர்ச் சுவர் வரைக்கும் தெறிக்கிறது. இன்றைக்கு என் சாப்பாட்டுத் தட்டில் தெறித்தது. கொட்டிவிட்டு வேறு போட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்பதுதான் அசிங்கமாக இருக்கிறது.

ஆகஸ்டு 5, செவ்வாய்

சளி மஞ்சள்.

மறப்பதற்கு முன்னால் சிஸ்டர் சொல்லிக் கொடுத்ததை எழுதி வைக்கிறேன். குழாய்க்குள்ளே இன்னொரு குழாய் இருக்கிறது. உள்குழாயில்தான் சளி காய்ந்து அடைக்கும். அதைத் திருகி உருவி, வெந்நீரில் போட்டு, பிரஷ் விட்டுக் கழுவி, திரும்பச் சொருக வேண்டும். மூச்சு முட்டினால் முதலில் உள்குழாயை உருவ வேண்டும். அப்படியும் சரியாகவில்லை என்றால் மிஷின் வைத்து உறிஞ்ச வேண்டும். குழாயே வெளியே வந்துவிட்டால் மாற்றுக் குழாயைப் போட வேண்டும். அது ஒரு சைஸ் சின்னது. "ஓட்டை ஒடனே சுருங்கிரும்க்கா, பழசு போகாது. அதான் சின்னது. பையில போட்டுத் தலைமாட்டுலயே தொங்க விடுங்க. அவசரத்துல தேடிக்கிட்டு நிக்கக்கூடாது" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். "பாக்குறவங்க எல்லாம் மூக்கையும் வாயையும்தான் பாப்பாங்க. இவருக்கு அது ரெண்டும் சும்மா. நீங்க கழுத்தைப் பாருங்க."

எப்போது பேசுவார் என்று கேட்டேன். சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எல்லாரும் எப்ப சாப்பிடுவாரு, எப்ப நடப்பாருன்னு கேப்பாங்க. நீங்க பேசுறதக் கேக்குறீங்க." பிறகு சொன்னார், தொண்டைக்குள் வீக்கம் வற்ற வேண்டுமாம், தாடையில் கட்டியிருக்கிற கம்பியை எடுக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு ஓட்டையை விரலால் மூடினால் பேச்சு வருமாம். டாக்டர் சொல்கிற வரைக்கும் மூடக் கூடாதாம். மூடினால் செத்துப்போவார்.

இவர் கை இரண்டும் மாவுக்கட்டில் இருக்கிறது. அதனால் விரல் என்னுடையதுதான்.

வீட்டில் தலைமாட்டுச் சுவரில் ஒரே ஒரு ஆணிதான். அதில் என் மகள் தங்கத்தின் படம் மாட்டியிருக்கிறது. மாற்றுக் குழாய்ப் பையையும் அதே ஆணியில் தொங்கவிட்டேன்.

ஆகஸ்டு 7, வியாழன்

சளி மஞ்சள். வெண்டைக்காய்க்காரி வாசலில் நின்றாள். வேண்டாம் என்றேன். இனிமேல் என் ஆயுசுக்கும் வெண்டைக்காய் வேண்டாம்.

ஆகஸ்டு 10, ஞாயிறு

சளி இளமஞ்சள்.

உச்சிமாகாளி மதினி போன் செய்தார். இவருக்கு அக்கா. ஆடி மாதம் முடியட்டும், ஆவணி பிறந்ததும் எல்லாரும் வந்து பார்க்கிறோம் என்றார். துக்கத்துக்கு ஆடி என்ன ஆவணி என்ன. பிறகு வழக்கமான பேச்சு ஆரம்பித்தது.

"எல்லாம் அந்தச் சனியன் புடிச்ச நாயினாலதான் முனீசு. நாயி குறுக்க வந்துச்சு. பிள்ளை பயந்து கத்தி, அப்பன் கைய இறுக்கிப் புடிச்சிருச்சு. இல்லன்னா எந்தம்பி வண்டி ஓட்டுற லெச்சணத்துக்கு விழுவானா?"

நான் ம் என்றேன்.

என் மகள் மாரித்தங்கம், எட்டயபுரத்தில் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு அப்பாவோடு பைக்கில் திரும்பி வந்தாள். வழியில் வண்டி விழுந்தது. நாய் குறுக்கே வந்ததாம். வந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வந்ததாம் என்றுதான் எழுதுவேன். பார்த்தவர் ஒருவரும் இல்லை. இவருடைய தம்பி சுடலைமுத்துதான் முதலில் ஓடிப்போனவர். அவர்தான் போலீசிடம் நாய் என்று சொன்னார். முதலில் நாய் மட்டும்தான் இருந்தது. பத்து நாள் கழித்துப் பிள்ளை கத்தினாள் என்பது சேர்ந்தது. இப்போது கையைப் பிடித்தாள் என்பதும் சேர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் போனால் நாயே வேண்டியிருக்காது.

தங்கம் நாய்க்குப் பயந்த பிள்ளை இல்லை. காலேஜுக்குப் போகிற வழியில் தெருநாய்க்கெல்லாம் ரொட்டி போட்டுவிட்டுப் போவாள். அதற்காக என்னிடம் திட்டு வாங்குவாள்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. இவர் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். நாய் என்றதும் இருமல் வந்தது. துடைத்துவிட்டேன்.

ஆகஸ்டு 13, புதன்

சளி இளமஞ்சள். காலையில் ஒரு பொட்டு ரத்தம். பயப்பட வேண்டாம் என்று சிஸ்டர் போனில் சொன்னார். நான் பயப்படவில்லை.

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஆஸ்பத்திரியில் இவருடைய சட்டையை வெட்டி எடுத்து ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். நான் அதைத் துவைக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டி வைத்தேன். ரத்த வாடையைத் தாண்டி அந்த வாடை இன்னும் இருக்கிறது. கல்யாண வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஆம்பளைகள் கூடி நின்றுவிட்டு வருவார்களே, அந்த வாடை. இருபத்தொரு வருஷமாக எனக்குத் தெரிந்த வாடை.

பிறகு கஞ்சியை அரைத்து வடிகட்டி, மூக்கு வழியாகச் சாப்பாடு இறக்கப் போட்டிருக்கும் குழாயில் விட்டேன். முட்டையின் வெள்ளைக்கருவும் கலக்கச் சொல்லியிருக்கிறார்கள். எது கஞ்சி, எது சளி என்று ஒரு நேரம் கண்ணுக்கே தெரிவதில்லை.

ஆகஸ்டு 15, வெள்ளி

சளி வெள்ளை. நல்லதாம்.

பக்கத்துவீட்டு லூர்தம்மாள் வந்து நின்று பார்த்தாள். "நீ தெய்வம்டி. வேற ஒருத்தின்னா தாய் வீட்டுக்குப் போயிருப்பா" என்றாள். என்னைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சொன்னாள்.

அந்த இளவயசு டாக்டரின் நினைப்பு வந்தது. அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்: "வாய் வழியாத்தான் குழாய் விடப் பாத்தோம்மா. தாடை நொறுங்கிக் கெடந்துச்சு. ஒரே ரத்தம், உள்ள ஒண்ணுமே தெரியல. மறுபடி மறுபடி பாத்தோம். ஆளு நீலமாயிட்டாரு. இனி நிக்க நேரமில்லன்னு கழுத்துல கீறிக் குழாய உள்ள விட்டோம். பொழச்சுட்டாரு." அவர் சட்டையெல்லாம் ரத்தம், முகமெல்லாம் சந்தோஷம். நல்ல பிள்ளை. பக்கத்துத் தள்ளுவண்டியில் இருந்தது என் மகள் என்பது அவருக்குத் தெரியாது. அவளுக்கு யாரும் எதையும் கீற வேண்டியிருக்கவில்லை. கொண்டுவரும்போதே முடிந்துவிட்டது. அவள் வாயைத் துணி வைத்துக் கட்டியிருந்தார்கள்.

நான் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆகஸ்டு 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. அதனால் வந்துவிட்டார்கள். ஒரு வேன் நிறைய.

மதினி, சுடலைமுத்து கொழுந்தன், அவர் சம்சாரம், இன்னும் யார் யாரோ. எல்லார் கையிலும் ஆரஞ்சுப் பழம், ரொட்டிப் பாக்கெட். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிற ஆளுக்கு ரொட்டிப் பாக்கெட். வந்ததும் ஒரு பாட்டம் அழுதார்கள். பிறகு காப்பி கேட்டார்கள். அவர்களே பால் வாங்கி வந்திருந்ததால் அடுப்பில் வைத்தேன்.

அடுப்படியில் நின்றுகொண்டு கூடத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பொட்டப் பிள்ளைய வண்டியில ஏத்தினா இப்படித்தான். சும்மா உக்காராது" என்றார் கொழுந்தன்.

"அதான, அவன் கையப் புடிச்சு இழுத்திருக்கு. அதுக்கும் விதி அப்படி" என்றது மதினி குரல். "பாரு, கழுத்துல கயித்தக் கட்டி வச்சிருக்கா. நாயிக்குக் கட்டுன மாதிரி. பாக்கவே வயித்தப் பெரட்டுது. கொஞ்சம் எளக்கிவிடுதேன், தம்பி. காத்தாட இரு."

குழாய் நகராமல் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் நாடா அது. சொன்னதைக் கேட்டு நான் ஓடி வந்திருக்க வேண்டும். பால் பொங்கிக்கொண்டிருந்தது. இறக்கிவைத்துவிட்டு வந்தேன். அதற்குள் அவர்கள் படத்துக்கு மாலை போட்டு, சாம்பிராணி கொளுத்திவிட்டார்கள். கூடம் முழுக்கப் புகை.

இவர் இருமினார். வழக்கமான இருமல் இல்லை. உடம்பு வில்லாக வளைந்தது. இரண்டாவது இருமலில் குழாய் தெறித்து நெஞ்சில் விழுந்து, கட்டிலில் உருண்டு, கீழே போய்விட்டது.

கழுத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. மீன் வாய் மாதிரி திறந்து மூடியது. சளி கொப்புளம் விட்டது. காற்று போகவில்லை. இவர் கண் வெளியே வருவது போல் முழித்தது. உதடு கறுத்தது.

"ஐயோ, இழுக்குதே! தம்பிக்கு இழுக்குதே!" என்று மதினி மாரில் அடித்துக்கொண்டார்.

கொழுந்தன் இவர் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தார். மூக்கில் என்ன இருக்கும். "மூச்சு நின்னுருச்சு. முடிஞ்சுருச்சுக்கா. பால எடுங்க" என்றார்.

பால் தயாராக இருந்தது. நானே காய்ச்சிய பால். கொழுந்தன் சம்சாரம் டம்ளரில் கொண்டுவந்தாள். மதினி கரண்டியில் எடுத்து இவர் உதட்டில் ஊற்றினார். கம்பி கட்டிய பல்லிடுக்கில் பால் இறங்கியது. அடுத்துக் கொழுந்தன். "மதினி, நீங்களும் ஒரு வாய் ஊத்துங்க. மனசார ஊத்துங்க" என்று டம்ளரை என் கையில் கொடுத்தார்.

நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எழுத முடியாது. எல்லாரும் என்னைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். இவர் மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்யப் போகிறேன் என்று இவருக்கும் தெரியவில்லை.

பால் சூடாக இருந்தது. விரலைச் சுட்டது. தங்கத்துக்கு யாரும் பால் ஊற்றவில்லை. கட்டிய வாயோடுதான் போனாள்.

டம்ளரைத் தரையில் அடித்தேன்.

"எம்பிள்ளைக்கு ஊத்தாத பால இந்த வீட்டுல எவனுக்கும் ஊத்தக் கூடாது! தள்ளுங்க!"

நான் அப்படிக் கத்தினேன் என்று லூர்தம்மாள் பிறகு சொன்னாள். தெருவுக்கே கேட்டதாம்.

ஆணியைப் பார்த்தேன். படம் இருந்தது. புது மாலை இருந்தது. பை இல்லை.

"பை எங்க? இங்க தொங்குன பை எங்க?"

மதினிக்குப் புரியவில்லை. "அந்தச் சளிப் பையா? மாலை போட்ட படத்துக்குப் பக்கத்துல அசிங்கமாத் தொங்குதுன்னு..."

"எங்க வச்சீக?"

"கக்கூசு மேல."

ஓடினேன். கக்கூஸ் மேல் விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்து பல்லால் பாக்கெட்டைக் கிழித்தேன். ஆரஞ்சுப் பழப் பையை அப்படியே இவர் தோளுக்கு அடியில் திணித்தேன். தலை பின்னால் சாய்ந்தது. கழுத்து நிமிர்ந்தது. ஓட்டை பாதிக்கு மேல் மூடியிருந்தது. மேலே சளியும் பாலும். துணியால் வழித்து எறிந்தேன். சின்னக் குழாயை வைத்தேன். போகவில்லை. தோலில் முட்டியது. சுண்டு விரலை உள்ளே விட்டேன். சூடாக, வழவழப்பாக, உயிரோடு இருந்தது. குமட்டி வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். விரலை எடுத்த கையோடு குழாயைப் பக்கவாட்டில் வைத்து, சிஸ்டர் காட்டியபடி வளைத்துக் கீழே இறக்கினேன்.

உள்ளே போனது.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு இருமல். ஒரு கை அளவு சளி என் முகத்தில். கண்ணில், உதட்டில், மூக்குத்தியில். அதற்குப் பின்னால் காற்று. விசில் மாதிரி ஒரு சத்தம். வந்தது, போனது, வந்தது.

முகத்தைத் துடைக்காமல் நாடாவைக் கட்டினேன். இறுக்கமாக.

"உசிரு போன ஆளு பொழச்சிட்டாரே" என்று யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "மஞ்சக் கயித்துக்கு உள்ள மகிமை. பத்தினி" என்றார் மதினி. சாம்பிராணித் தட்டை எடுத்து வாசலில் கொட்டினேன். கிளம்பச் சொன்னேன். ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

சளியில் பால் கலந்திருந்தது. நிறம் சொல்ல முடியாது.

ஆகஸ்டு 18, திங்கள்

ஆஸ்பத்திரியில் காட்டினேன். குழாய் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். பால் நெஞ்சுக்குள் போயிருந்தால் ஆபத்து, ஊசி போட வேண்டும் என்றார். ஜெபமணி சிஸ்டர் என் தோளைத் தட்டினார். "புருஷன் மேல எவ்வளவு பாசம்க்கா உங்களுக்கு."

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். வாடை போகவில்லை. மறுபடி குளித்தேன்.

ஆகஸ்டு 19, செவ்வாய்

சளி மஞ்சள். இன்னொரு ஆணி அடித்தேன்.

ஆகஸ்டு 24, ஞாயிறு

சளி இளமஞ்சள். இவர் என்னையே பார்த்துக்கொண்டு இருக்கிறார். நான் எந்தப் பக்கம் போனாலும் கண் வருகிறது. அன்றைக்கு டம்ளரோடு நின்றேனே, அதை இவர் பார்த்தார். பார்க்கட்டும்.

ஆகஸ்டு 29, வெள்ளி

தாடைக் கம்பியை எடுத்துவிட்டார்கள். மூக்கு வழியாக ஒரு கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். வீக்கம் வற்றிவிட்டதாம். இனிமேல் விரலால் மூடிப் பேசப் பழக்கலாம், ஒரு வாரம் போகட்டும் என்றார் டாக்டர். "மூச்சு வெளிய வரும்போது மட்டும் மூடணும். ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. உடனே விரல எடுத்துரணும். எடுத்தாத்தான் மூச்சு இழுக்க முடியும்."

எனக்குப் புரிந்துவிட்டது. சிஸ்டர் இன்னொரு தடவை சொல்ல வந்தார். வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

சளி வெள்ளை. மதினி போன். வருகிற ஞாயிறு எல்லாருமாக வருகிறார்களாம். "பேசுவானாமே? எங்கிட்ட அக்கான்னு ஒரு சொல்லு சொல்லட்டும்" என்று அழுதார். வாங்க என்றேன்.

செப்டம்பர் 6, சனி

காலையில் கஞ்சி கொடுத்தேன். வாய் வழியாகக் குடிக்கிறார். பாதி தாடையில் வழிகிறது. துடைத்துவிட்ட பிறகு தலையை அண்ணாந்து கழுத்தைக் காட்டினார். கண்ணாலேயே கேட்டார்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். ஓட்டைக்கு மேல் விரலை வைத்தேன். டயர் பஞ்சர் மாதிரி காற்று விரலுக்குக் கீழே புஸ்ஸென்று வந்தது. இன்னும் அழுத்தினேன். வாய் வழியாகச் சத்தம் வந்தது. இவர் குரல் இல்லை. யாரோ கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி.

"நாயி."

விரலை எடுத்தேன். மூச்சை இழுத்துக்கொண்டார். வைத்தேன்.

"வரல."

"தெரியும்" என்றேன்.

எடுத்தேன், வைத்தேன்.

"தங்கம் புடிக்கல. மெதுவாப் போப்பான்னு..."

எடுத்தேன், வைத்தேன்.

"சொல்லுச்சு."

நாய் வரவில்லை. இதற்கு 'வரவில்லையாம்' என்று 'ஆம்' போட வேண்டியதில்லை. என் காதால் கேட்டேன்.

இவர் கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், குழாயில் சளி, எல்லாம் சேர்ந்து வழிந்தது. "முனீசு..." என்றார். அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரியும். விரலை எடுத்துவிட்டேன். உதடு அசைந்துகொண்டே இருந்தது. கழுத்திலிருந்து காற்றுதான் வந்தது. அசைந்து முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்குழாயை உருவிக் கழுவப் போட்டேன்.

நாளைக்கு ஞாயிறு. மதினி, கொழுந்தன் எல்லாரும் வருகிறார்கள். சாம்பிராணி வேண்டாம், பால் வேண்டாம், பழமும் வேண்டாம், எல்லாரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தால் போதும் என்று போனில் சொல்லியிருக்கிறேன். நாடாவைச் சரி பார்த்துவிட்டேன். மாற்றுக் குழாய் அதன் ஆணியில் இருக்கிறது. விரல் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டேன்.

சளி வெள்ளை. கொஞ்சம்தான்.